‘தி ஸ்னோமேன்’ (1982): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் நண்பர்களும், மகளின் வகுப்புத் தோழிகளுடைய அம்மாக்களும் ‘தி ஸ்னோமேன்’ என்ற இந்த பிரிட்டிஷ் அனிமேஷன் படத்தைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு எச்சரிக்கை: முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசவே முடியாது. பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

தென் இங்கிலாந்தில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு வீடு. இரவெல்லாம் பனி கொட்டியிருக்கிறது. காலையில் ஜன்னல் வழியாக அதைப் பார்த்த சிறுவன் வெளியே ஓடுகிறான், நாள் முழுக்க மெனக்கெட்டு ஒரு பனிமனிதரை உருவாக்குகிறான். கண்ணுக்குக் கரித்துண்டு, மூக்குக்குக் கமலா ஆரஞ்சு, தலைக்கு ஒரு பழைய தொப்பி, கழுத்துக்கு மஃப்ளர். நடு இரவில் தூக்கம் வராமல் கீழே வந்து பார்க்கிறான். பனிமனிதருக்கு உயிர் வந்திருக்கிறது.

சிறுவன் அவரை வீட்டுக்குள் அழைத்துச் சுற்றிக் காட்டுகிறான். பிறகு அவர் சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார், அப்படியே இருவரும் வானத்தில் எழுகிறார்கள். வட துருவத்தில் உலகத்துப் பனிமனிதர்களெல்லாம் கூடி ஆடும் விருந்து நடக்கிறது. அங்கே கிறிஸ்துமஸ் தாத்தா சிறுவனுக்கு ஒரு நீல மஃப்ளர் பரிசளிக்கிறார். விடிவதற்குள் இருவரும் வீடு திரும்புகிறார்கள். மறுநாள் காலை வெயில் அடிக்கிறது. சிறுவன் வெளியே ஓடிப் பார்த்தால் ஒரு சிறு பனிக்குவியல், அதன்மேல் தொப்பி, ஆரஞ்சு, கரித்துண்டுகள். அவன் பையில் கைவிடுகிறான். நீல மஃப்ளர் இருக்கிறது. அதோடு படம் முடிந்துவிடுகிறது.

யார் எடுத்தது? எப்போது வெளிவந்தது?

ரேமண்ட் பிரிக்ஸ் 1978இல் வரைந்த, ஒரு சொல்கூட இல்லாத படக்கதைப் புத்தகம்தான் மூலம். லண்டனில் இருந்த டி.வி.சி. என்ற அனிமேஷன் ஸ்டூடியோ படத்தைத் தயாரித்தது. பீட்டில்ஸின் ‘எல்லோ சப்மரின்’ படம் உருவானதும் அங்கேதான். தயாரிப்பாளர் ஜான் கோட்ஸ். இயக்கியவர் டயான் ஜாக்சன். மேற்பார்வை இயக்குநராக ஜிம்மி முரகாமி இருந்தார். இசை ஹோவர்ட் பிளேக்.

பிரிட்டனில் சேனல் 4 தொலைக்காட்சி 1982 நவம்பர் 2 அன்று தொடங்கியது. அடுத்த மாதமே, டிசம்பர் 26 அன்று, இந்தப் படம் அதில் முதன்முறை ஒளிபரப்பானது. அன்றிலிருந்து அந்த ஊர் கிறிஸ்துமஸின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. தீபாவளி என்றால் பட்டிமன்றம் என்று நமக்கு ஆனது போல.

டயான் ஜாக்சனைப் பற்றி இன்னும் நிறையப் பேர் எழுதியிருக்கலாம். பிரிக்ஸ், பிளேக் என்று இரண்டு ஆண் பெயர்களே முன்னால் நிற்கின்றன. படத்தின் நிதானமும், அவசரப்படாத பார்வையும் அவருடையவை. 1992 கடைசியில் அவர் காலமானார்.

எங்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பிள்ளைகளுக்குப் புரியுமா?

புரியும். படத்தில் வசனமே கிடையாது. தொடக்கத்தில் சில வாக்கியங்களில் ஒரு முன்னுரை, நடுவில் ஒரு பாட்டு, அவ்வளவுதான். சப்டைட்டில் தேட வேண்டாம், டப்பிங் தேட வேண்டாம். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், என் மகள், பக்கத்து வீட்டு போலந்துக்காரப் பாட்டி மூவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறார்கள். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பேச்சு இல்லாததற்குக் காரணம் புத்தகமே அப்படித்தான். 1977இல் பிரிக்ஸ் ‘ஃபங்கஸ் தி போகிமேன்’ என்றொரு புத்தகம் போட்டிருந்தார். சேறு, சளி, அழுக்கு, பக்கம் பக்கமாகச் சொற்கள் என்று இருக்கும். அதிலேயே இரண்டு ஆண்டுகள் புரண்டு அலுத்துப்போய், சுத்தமாக, சொல்லே இல்லாமல், சட்டென்று முடிகிற ஒரு வேலை வேண்டும் என்று இதை எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு சலிப்பிலிருந்து பிறந்த வேலை இது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

படமாக்கியவர்கள் நினைத்திருந்தால் வசனம் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. பேச வேண்டிய இடத்தையெல்லாம் இசை எடுத்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பனிமனிதர் எதைத் தொடுகிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று பாதிக்கு மேல் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். டிசம்பரில் பிரிட்டனின் பல அரங்குகளில் திரையில் படத்தை ஓடவிட்டு, கீழே ஆர்கெஸ்ட்ரா நேரடியாக வாசிப்பது வழக்கம். வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

இது கிறிஸ்துமஸ் படம்தானா?

புத்தகத்தில் கிறிஸ்துமஸே கிடையாது. மரம் இல்லை, தாத்தா இல்லை, வட துருவம் இல்லை. சிறுவனும் பனிமனிதரும் பிரைட்டன் கடற்கரை வரை பறந்துபோய், அங்கே நின்று சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். புத்தகத்தை அப்படியே எடுத்தால் அரை மணி நேர நிகழ்ச்சிக்குப் போதாது என்பதால் படக்குழு இரண்டாம் பாதியை நீட்டியது. கிறிஸ்துமஸ் மரம், துருவப் பயணம், விருந்து, தாத்தா, பரிசு எல்லாம் அப்படி வந்தவைதான். பனிக்காட்டுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டும் காட்சியும் புதிதுதான். புத்தகத்தில் இருவரும் அப்பாவின் காருக்குள் உட்கார்ந்து விளக்கைப் போட்டு விளையாடுவதோடு சரி.

பிரிக்ஸுக்கு இது முதலில் ரசிக்கவில்லை. கிறிஸ்துமஸை வலிந்து இழுத்துவந்து ஒட்டியது போல இருந்தது என்று பிற்பாடு சொன்னார். ஆனால் அது நன்றாகவே அமைந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொன்னார். பண்டிகைக் கொண்டாட்டங்களில் பெரிய ஆர்வம் இல்லாத மனிதர் அவர். அவருடைய பெயர்தான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊர் முழுக்க ஒலிக்கிறது.

சிறுவனுக்குப் பெயர் வந்ததும் படத்தில்தான். வட துருவத்தில் அவனுக்குக் கிடைக்கும் பரிசுப் பொட்டலத்தின் சீட்டைக் கவனியுங்கள். ஜேம்ஸ் என்று எழுதியிருக்கும்.

படம் ஏன் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது? எங்கள் டிவியில் கோளாறா?

டிவியில் ஒன்றுமில்லை. அக்காலத்து கார்ட்டூன்களில் ஒளி ஊடுருவும் தாளில் கோடு வரைந்து, பின்பக்கம் சீராக வண்ணம் பூசுவார்கள். மிக்கி மவுஸின் நிக்கர் எல்லா ஃப்ரேம்களிலும் ஒரே சிவப்பாக இருப்பது அதனால்தான். பிரிக்ஸின் புத்தகமோ கலர் பென்சிலால் தீட்டியது. அந்தச் சொரசொரப்பும் மங்கலும் இல்லாவிட்டால் அது அவருடைய உலகமே இல்லை. எனவே சொரசொரப்பான தாள்களில், ஒவ்வொரு படத்தையும் கையாலேயே தீட்டினார்கள். ஒருமுறை தீட்டிய தீற்றல் அடுத்த முறை அச்சாக அதே இடத்தில் விழாது இல்லையா? அந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்கள்தான் திரையில் துடிப்பாகத் தெரிகின்றன.

கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். நொடிக்குப் பன்னிரண்டு படம் என்று குறைத்து வைத்தாலும் 26 நிமிடத்துக்கு 18,000ஐத் தாண்டுகிறது. இன்று கணினியில் இதே தோற்றத்தைக் கொண்டுவரலாம், வருகிறார்கள். ஆனால் அதில் நடுக்கத்தையும் யாரோ திட்டமிட்டுத்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பாட்டைப் பாடியது அலெட் ஜோன்ஸ்தானே?

இல்லை. விநாடி வினாக்களில் இன்றும் பலர் கவிழ்கிற இடம் இது. படத்தில் ‘வாக்கிங் இன் தி ஏர்’ பாடியது பீட்டர் ஆட்டி, லண்டன் செயின்ட் பால் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த சிறுவன். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவன் பெயரைப் போடவே இல்லை. 2002இல் இருபதாம் ஆண்டுக்காகப் படத்தைப் புதுப்பித்தபோதுதான் சேர்த்தார்கள்.

குழப்பம் எங்கே வந்தது என்றால், 1985இல் ஒரு பொம்மைக் கடையின் விளம்பரத்துக்கு அந்தப் பாட்டு தேவைப்பட்டது. அதற்குள் ஆட்டிக்குக் குரல் உடைந்துவிட்டது. வேல்ஸைச் சேர்ந்த சிறுவன் அலெட் ஜோன்ஸ் பாடினான். அந்த இசைத்தட்டு பிரிட்டன் தரவரிசையில் ஐந்தாம் இடம் வரை போனது. ஊரே அவனைத்தான் நினைவில் வைத்துக்கொண்டது. ஆட்டி வளர்ந்து ஆபரா பாடகர் ஆனார்.

இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஜோன்ஸின் குரல் தேர்ந்த குரல், பிசிறே இருக்காது. ஆட்டியின் குரலில் ஒரு சின்ன தயக்கம் உண்டு. உயரத்தில் பறக்கும் பிள்ளைக்கு அதுதான் பொருந்துகிறது என்பேன்.

மெட்டு படத்துக்காகப் பிறந்ததும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே, வேலை அலுத்து ஒதுங்கியிருந்த காலத்தில், கார்ன்வால் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது ஹோவர்ட் பிளேக்குக்குத் தோன்றியது. பொருத்தமான இடம் அமையும்வரை வைத்திருந்தார். பாட்டு குதூகலமாக இல்லாமல் சோகச் சாயலில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கதையில் அதுவரை ஒரு சோகமும் வரவில்லை. பறக்கிற பரவசத்தின் நடுவிலேயே, இது நிலைக்காது என்று இசை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

அவர்கள் பறந்து போகும் ஊர் எது?

தென் இங்கிலாந்தின் சசெக்ஸ். பிரிக்ஸ் வாழ்ந்தது அங்கே, சவுத் டவுன்ஸ் குன்றுகளின் அடிவாரத்தில் வெஸ்ட்மெஸ்டன் என்ற சிற்றூரில். கதையில் வரும் வீடும் தோட்டமும் அவருடையவற்றை ஒட்டியவையே. குன்றுகளைத் தாண்டினால் பிரைட்டன். கடலுக்குள் நீண்டு நிற்கும் பாலம், அப்புறம் வெங்காயம் வெங்காயமாகக் கும்மட்டங்கள் வைத்த ராயல் பெவிலியன் அரண்மனை, இரண்டும் திரையில் வரும். பிறகு கடல், கப்பல், திமிங்கிலம், துருவ ஒளி என்று வடக்கே போகிறது பயணம்.

அந்த அரண்மனையைப் பார்த்ததும் “அட, நம்ம ஊர்க் கட்டடம்!” என்று தோன்றினால் அது சரிதான். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசருக்காக ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் 1815இலிருந்து 1822 வரை அதை மாற்றிக் கட்டினார். வெளித்தோற்றம் முழுக்க இந்தியச் சாயல். சென்னை உயர் நீதிமன்றத்தின் கும்மட்டங்களுக்கு ஒருவகையில் தூரத்துப் பெரியப்பா. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அந்த அரண்மனையே மருத்துவமனையாகவும் இருந்தது. பிரைட்டனில் இறந்த இந்து, சீக்கிய வீரர்களை ஊருக்கு வெளியே அதே சவுத் டவுன்ஸ் குன்றின்மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921இல் ‘சத்ரி’ என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் திறக்கப்பட்டது. படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் குன்றுகளின் மேல் அவர்கள் பறக்கும்போது என் கண் வேறு எதையோ தேடுகிறது.

எந்த வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்? முடிவில் அழுதுவிடுவார்களே?

மூன்று வயதுப் பிள்ளைகளும் உட்கார்ந்து பார்த்துவிடுவார்கள். அவர்களுக்கு முடிவு பெரிதாகத் தைக்காது. ஐந்திலிருந்து எட்டு வரைதான் சிக்கல். சிலர் தேம்பித் தேம்பி அழுவார்கள். என் மகள் முதல் தடவை அழவில்லை. இரவு படுக்கையில், “அம்மா, அந்த ஃப்ரீஸர்லயே அவரை வச்சிருக்கலாம்ல?” என்று கேட்டாள். நல்ல கேள்வி.

அதற்குப் பதில் படத்திலேயே இருக்கிறது, சிரிப்பின் நடுவில். பனிமனிதர் வீட்டுக்குள் வந்ததும் கணப்பு நெருப்பைப் பார்த்து மிரள்கிறார். ஃப்ரீஸரைத் திறந்ததும் உள்ளே படுத்துச் சுகம் காண்கிறார். பழக்கூடையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்க்கிறார். பெற்றோர் தூங்கும் அறைக்குள் போய், தம்ளரில் கிடக்கும் பல்செட்டை வாயில் மாட்டுகிறார். நாம் சிரித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் வெம்மை இவருக்கு ஆகாது, இந்த வீடு இவருக்கு உகந்த இடமில்லை என்று படம் ஒவ்வொரு அறையிலும் சொல்லிக்கொண்டே வருகிறது. முடிவு திடீரென்று தலையில் போட்டதில்லை. ஃப்ரீஸருக்குள் வைத்திருந்தால் அவர் இருந்திருப்பார், ஆனால் பறந்திருக்க மாட்டார். இதை நான் மகளிடம் சொன்னேன். அவளுக்கு அது அவ்வளவாகத் திருப்தி தரவில்லை. தராவிட்டாலும் பரவாயில்லை.

நான் செய்யக் கூடாது என்று நினைப்பது இரண்டு. ஒன்று, கடைசி நிமிடத்துக்கு முன் டிவியை அணைப்பது. இரண்டு, “அடுத்த வருஷம் திரும்ப வருவார்” என்று வாக்குக் கொடுப்பது. அழும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டால் போதும், வேறு ஏற்பாடு தேவையில்லை.

கடைசியில் அது கனவா, நிஜமா?

இந்தப் பக்கத்தையே நான் எழுத ஆரம்பித்தது இந்தக் கேள்விக்காக என்று சொல்லலாம்.

புத்தகத்தில் சிறுவன் காலையில் எழுந்து ஓடிவருகிறான், உருகிய குவியல் முன்னால் நிற்கிறான். அங்கேயே முடிந்துவிடும். இரவில் நடந்தது கனவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிள்ளையைத் தேற்ற நினைக்கும் பெற்றோருக்கு அதில் ஒரு கதவு திறந்திருக்கிறது: “கனவுதாண்டா கண்ணா, பனி உருகிடுச்சு, அவ்வளவுதான்.”

படம் நீல மஃப்ளரைச் சேர்த்தது. பலர் இதைச் சமாதான முடிவு என்கிறார்கள். பிரிக்ஸின் கடுமையான முடிவுக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் சர்க்கரை தடவிவிட்டார்கள், பிள்ளைக்குக் கையில் ஒரு நினைவுப் பொருளாவது கொடுத்து அனுப்பினார்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. மஃப்ளர்தான் அந்தக் கதவைச் சாத்துகிறது. பையில் கைவிட்டு அதை இழுக்கிற நொடியில், கனவுதான் என்று சொல்லித் தப்பிக்கும் வழி போய்விடுகிறது. அவன் பறந்தது உண்மை. அந்தக் கை அவன் கையைப் பிடித்திருந்தது உண்மை. ஆகவே போனதும் உண்மையான ஆள். கனவில் வந்தவருக்காக யாரும் மண்டியிட்டு உட்கார மாட்டார்கள்.

இன்னொன்று. பெற்றோர் இரவு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடந்ததற்கு அவன் ஒருவன்தான் சாட்சி. அப்பாவிடம் சொன்னால் புன்னகைப்பார், அம்மா மஃப்ளரை மடித்து வைப்பார். இழப்பு எவ்வளவு பெரியது என்று அவனைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. புத்தகத்தின் முடிவு சோகமானது, ஒத்துக்கொள்கிறேன். படத்தின் முடிவு அதைவிடக் கடினமானது.

பிரிக்ஸ் ஏன் குழந்தைகள் கதைக்கு இப்படி ஒரு முடிவு வைத்தார்?

லண்டன் விம்பிள்டனில் 1934இல் பிறந்தவர். அப்பா எர்னஸ்ட் வீடு வீடாகப் பால் ஊற்றியவர். அம்மா எதெல் கல்யாணத்துக்கு முன் ஒரு பெரிய வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். 1971இல் அப்பா அம்மா இருவருமே இறந்துபோனார்கள். மனைவி ஜீன் மனநோயோடு நெடுங்காலம் போராடியவர், 1973இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பனிமனிதர் புத்தகம் வந்தது 1978இல்.

இதை வைத்து, பனிமனிதர்தான் அப்பா, ஜீன்தான் பனி என்றெல்லாம் நான் சமன்பாடு போட மாட்டேன். அவரே அப்படிப் பேசுவதை விரும்பியவரில்லை. பனிமனிதன் உருகும், பெற்றோர் இறப்பார்கள், விலங்குகளும் பூக்களும் சாகும், இதில் இருண்டு போவதற்கு ஒன்றுமில்லை, இயற்கை அப்படி என்பது அவர் பல இடங்களில் சொன்னதன் சாரம். நேர்காணல்களில் கொஞ்சம் சிடுசிடுப்பானவர், எனக்கு அதுவும் பிடிக்கும். 2022 ஆகஸ்டில், 88 வயதில் காலமானார்.

உங்களுக்கு இந்தப் படம் ஏன் இவ்வளவு முக்கியம்? நீங்கள் பனி பார்த்து வளர்ந்தவரில்லையே?

இல்லை. திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தேன், ஃப்ரீஸருக்குள் சுரண்டினால் கிடைப்பதுதான் எங்களுக்குப் பனி. லண்டன் புறநகருக்கு வந்த பிறகு பண்டிகை விடுமுறையில் டிவியில் தற்செயலாகப் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன், அதோடு மறந்துவிட்டேன்.

அம்மா இறந்தபோது ஊருக்குப் போனேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், மனதார, ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “எல்லாம் கனவு மாதிரி போச்சு.” சித்தி சொன்னார், எதிர்வீட்டு அக்கா சொன்னார், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள் என்று தெரியும். எனக்கு அது ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது. எழுபது வயசு வரை நடமாடிய மனுஷி எப்படிக் கனவு ஆவாள்?

அடுப்படிச் சுவரில் அம்மாவின் மாதக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டத்துக்குக் கட்டம் அம்மா கையெழுத்து: “பால் அரை லி.”, “பூ வரல”, “கேஸ் சொன்னது”, “இஸ்திரி பாக்கி 40”. பூக்காரம்மா வராத நாட்கள்கூடத் தேதிவாரியாகக் கணக்கில் இருந்தன. அதைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். என் தம்பிக்கு அது ஏன் என்று புரியவில்லை, சுவரில் ஆணி மட்டும் அசிங்கமாக நிற்கிறது என்றான்.

அந்த ஆண்டு டிசம்பரில் மகளோடு படத்தை மறுபடி பார்த்தேன். சிறுவன் மஃப்ளரை எடுத்தபோது, ஊரில் யாரிடமும் சொல்ல முடியாமல் போனதை யாரோ சொல்லிவிட்டார்கள் என்று இருந்தது. நடந்தது நடந்ததுதான், கனவு கினவு என்று யாரும் அதைக் கரைக்க வேண்டாம். அதனால் அழுகை குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஆனால் அந்தச் ‘சுருக்’ போய்விட்டது. குழந்தைகளுக்கான படம் என்று ஓரமாக வைத்திருந்த ஒன்று, பெரியவர்கள் அத்தனை பேர் சொன்னதைவிட நேர்மையாகப் பேசியது என்றால், அதை ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது அதிகமில்லை.

ராக் பாடகர் டேவிட் பௌவி வரும் பதிப்பு எது? எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

மூன்று முன்னுரைகள் உண்டு. முதலாவதில் பிரிக்ஸே ஒரு வயல்வெளியில் நடந்து போவார். அந்தக் குளிர்காலம் போல் பனி கொட்டி நான் பார்த்ததில்லை என்ற பொருளில் நினைவுகூரும் குரல் கேட்கும். இரண்டாவது அமெரிக்க ஒளிபரப்பை மனதில் வைத்து எடுத்தது. பௌவி ஒரு வீட்டுப் பரண் அறைக்குள் வருகிறார், இழுப்பறையைத் திறக்கிறார், உள்ளே அந்த நீல மஃப்ளர். அதாவது வளர்ந்துவிட்ட ஜேம்ஸ். மூன்றாவது 2002இல் சேர்ந்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் கார்ட்டூன் உருவம், குரல் மெல் ஸ்மித்.

மூன்றாவதைத் தவிர்க்கலாம். வளவளவென்று பேசுவார். முதலாவதுதான் கச்சிதம். ஆனாலும் எனக்குப் பௌவியிடம் ஒரு பாசம் உண்டு. செம்பட்டை முடிச் சிறுவன் எப்படி இந்த மஞ்சள் முடிக்காரர் ஆனான் என்று கேட்காதீர்கள். வயது வந்த ஆள் அந்த மஃப்ளரைத் தூக்கிப்போடாமல் பத்திரமாக வைத்திருக்கிறார் என்பதே எனக்குப் போதும்.

ஆஸ்கார் கிடைத்ததா?

பரிந்துரை கிடைத்தது. அந்த ஆண்டு குறும்பட அனிமேஷனுக்கான ஆஸ்காரைப் போலந்தின் ‘டாங்கோ’ தட்டிச் சென்றது. குழந்தைகள் நிகழ்ச்சிக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

‘தி ஸ்னோமேன் அண்ட் தி ஸ்னோடாக்’ எப்படி?

முதல் படத்தின் முப்பதாம் ஆண்டான 2012இல், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சேனல் 4இல் வந்தது. இயக்கம் ஹிலரி ஆடஸ். அதே வீட்டுக்குப் பில்லி என்ற வேறு சிறுவன் குடிவருகிறான். அவனுடைய வயதான நாய் இறந்துபோகிறது. பனிமனிதரோடு ஒரு பனிநாயும் செய்கிறான். கைவேலைப்பாடு அருமை, லண்டன் மேல் பறக்கும் காட்சியும் அழகு. படத்தை அந்த ஆண்டு செப்டம்பரில் மறைந்த ஜான் கோட்ஸுக்குக் காணிக்கையாக்கியிருந்தார்கள்.

முடிவில் பனிமனிதர் உருகுகிறார். நாய் மட்டும் நிஜ நாயாகிவிடுகிறது. என் மகளுக்கு இதுதான் மிகவும் பிடித்த படம், நூறு முறை போடச் சொல்வாள். எனக்கோ, செத்த நாய்க்குப் பதில் புது நாயைக் கையில் கொடுத்து வாயை அடைப்பது போல இருக்கிறது. எங்கள் வீட்டில் இது தீராத வழக்கு.

இதற்குப் பிறகு என்ன பார்க்கலாம்?

பிள்ளைகளோடு என்றால் ‘ஃபாதர் கிறிஸ்துமஸ்’ (1991). பிரிக்ஸின் 1973 புத்தகத்திலிருந்து வந்தது. சதா புலம்பிக்கொண்டே வேலைக்குப் போகும் கிறிஸ்துமஸ் தாத்தா, குளிரைத் திட்டுவார், புகைபோக்கிகளைத் திட்டுவார். பனிமனிதர் விருந்தும் ஜேம்ஸும் அதில் எட்டிப் பார்ப்பார்கள்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு என்றால் ‘எதெல் அண்ட் எர்னஸ்ட்’ (2016). பால்காரர் அப்பாவும் அம்மாவும் சந்தித்ததிலிருந்து இறந்தது வரை, பிரிக்ஸ் வரைந்த குடும்பக் கதை. ‘வென் தி விண்ட் ப்ளோஸ்’ (1986) படத்தை அட்டையைப் பார்த்துவிட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுவிடாதீர்கள். அதே ஸ்டூடியோ, அதே முரகாமி, உருண்டை முகத்தோடு அதே மாதிரி மனிதர்கள். ஆனால் அணுகுண்டு விழுந்த பிறகு, அரசாங்கத் துண்டறிக்கையை நம்பி வீட்டுக்குள் காத்திருக்கும் ஒரு கிழத் தம்பதியின் கதை. பார்த்தால் இரண்டு நாள் சோறு இறங்காது.

புத்தகத்தைத் தேடுபவர்கள் படத்தை வைத்துப் பின்னால் போட்ட மெல்லிய பதிப்புகளை வாங்காமல், பிரிக்ஸின் 1978 மூலத்தையே கேட்டு வாங்குங்கள். அட்டையில் பனிமனிதர் இருக்கிறார் என்பதற்காக எடுத்துவிட வேண்டாம். உள்ளே பிரித்துப் பார்த்து, ஒரு சொல்லும் இல்லாமல் கட்டம் கட்டமாகப் படங்கள் மட்டும் இருந்தால் அதுதான்.